ஏப்பம் வராத சோடா

தாஜுதீன் வெல்டு செய்த இரண்டாவது டாங்கும் ஒழுகியது.

தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. அலுமினியத் தகடுகள் சேரும் இடமெல்லாம் முத்து முத்தாக நீர் அரும்பியது. முத்துகள் சேர்ந்து கோடாக இறங்கின. அரியமங்கலம் ஷெட்டில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அப்புறம் தாஜுதீனைப் பார்த்தார்கள்.

முதலாளி நல்லதம்பி, துப்பறிவாளர் வீரமலையின் பக்கம் திரும்பினார்.

"கண்ணால பாத்துட்டீங்கள்ல? பால் டாங்க் சார் இது. பாலை ஊத்தியிருந்தா என் மானம் ரோட்டுல ஓடியிருக்கும். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வராரு. அதுக்குள்ள இவன் எப்படிப் பண்றான்னு சொல்லிடுங்க. இவன்தான்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

"முடிவைக் கையில வச்சுக்கிட்டு ஆரம்பத்தைத் தேடச் சொல்றாரு அண்ணே," என்றான் மீரான். "படத்துக்கு இன்டர்வெல்ல போன மாதிரி இருக்கு."

மீரான் வீரமலையின் உதவியாளன். ஒல்லி. வயிறு மட்டும் அவன் சொன்ன பேச்சைக் கேட்காது. நேற்று பாலக்கரையில் தின்ற புரோட்டா இன்னும் இறங்கவில்லை என்று காலையிலிருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான்.

ரயில்வேயில் காணாமல் போன சரக்குகளுக்கு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கிற ஆபீஸில் பல வருஷம் இருந்தவர் வீரமலை. எல்லோரும் பொய் சொல்வார்கள், சரக்கு மட்டும் சொல்லாது என்பது அங்கே அவர் கற்றது. அதனால் தாஜுதீனை விட்டுவிட்டு டாங்கைப் பார்த்தார். வெல்டு ஓடிய பாதை முழுக்கக் கரி அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார். உள்ளே ஈசல் புற்று மாதிரி ஓட்டைகள்.

விஷயம் இதுதான். ஷெட்டில் ஒரே ஒரு மிக் வெல்டிங் மெஷின். ஜெர்மனியிலிருந்து வந்தது. கம்பி தானாக ஓடிவந்து உருகும். உருகுகிற இடத்தில் காற்று படாதபடி ஆர்கான் வாயு சுற்றிலும் குடை பிடிக்கும். காலை ஷிப்டில் தாஜுதீன், மதியத்துக்கு மேல் செல்லக்கண்ணு. அதே மெஷின், அதே கம்பி, அதே வாயு. செல்லக்கண்ணு செய்தால் வெள்ளி. தாஜுதீன் செய்தால் கரி. மெஷினை விற்றவர்கள் ஓர் ஆளை ஜெர்மனிக்கு அழைத்து ஆறு மாதம் பயிற்சி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். போன வாரம்வரை அந்த ஆள் தாஜுதீன். இப்போது அவன் போகப்போகிற இடம் லாக்கப்.

வீரமலை மெஷின் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் குழாயைத் தட்டினார். உள்ளே ஒரு சின்னக் குண்டு கீழே கிடந்தது.

"இது என்ன?"

"காஸ் எவ்வளவு போகுதுன்னு காட்டும் சார்," என்றான் தாஜுதீன். "காஸைத் திறந்தா குண்டு மேல ஏறி மிதக்கும். அலுமினியத்துக்கு நான் பதினஞ்சு லிட்டர்ல நிறுத்துவேன்."

"கம்மியா வச்சா?"

"காத்து உள்ள பூந்துடும். வெல்டு கெட்டுப் போயிடும்."

"அப்ப நிறைய வச்சுக்க வேண்டியதுதானே?"

"நிறைய வச்சாலும் காத்து பூந்துடும் சார். வேகமாப் போற காஸ் சுழண்டு, பக்கத்துல இருக்கிற காத்தையும் சேத்து உள்ள இழுத்துக்கும்."

"கம்மியாப் பேசினாலும் கோச்சுக்கும், ஜாஸ்தியாப் பேசினாலும் கோச்சுக்கும்," என்றான் மீரான். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கண்ணாடிக் குழாய்தான் இல்ல."

"இன்னைக்கு எவ்வளவு வச்ச?"

"பதினஞ்சு. அப்புறம் பதினெட்டு, இருபது. இறக்கிப் பன்னெண்டும் பாத்தேன். ஃபேனை நிறுத்திட்டேன், கதவைச் சாத்திட்டேன், வெல்டிங் டார்ச் வாயைக் கழட்டித் துடைச்சேன். கரி போகல சார்."

"அதே பதினஞ்சுல அவன் வச்சா மட்டும் எப்படிடா வெள்ளி மாதிரி வருது?" என்று கத்தினார் முதலாளி.

அந்த 'அவன்' கொஞ்சம் தள்ளிக் கைகட்டி நின்றான். செல்லக்கண்ணு. நெற்றி நிறைய விபூதி. டாங்க் சோதனைக்காக ஷிப்டுக்கு முன்னாலேயே வந்திருந்தான்.

"அவனுக்கு பக்தி இருக்கு சார்," என்றார் முதலாளி. "மெஷின் முன்னாடி பத்தி கொளுத்தி வச்சு, அது எரிஞ்சு முடியிற வரைக்கும் கண்ணை மூடி நிப்பான். அப்புறம்தான் டார்ச்சைத் தொடுவான். ஆயுத பூஜைக்கு இந்த ஷெட்டுல ஒரு சாமான் விடாம பெயின்ட் அடிச்சது யாரு? அவன்தான்."

அது பார்த்தாலே தெரிந்தது. பூஜை முடிந்து சில நாள்தான். எல்லாவற்றிலும் புதுப் பெயின்டும் சந்தனப் பொட்டும். சுவரில் ஒரு பலகை, அதில் வயலூர் முருகன் படம். படத்துக்கு முன்னால் பத்திச் சாம்பல் குவிந்து கிடந்தது. சாம்பலுக்கு நடுவே ஆறு பட்டையாக ஒரு வெற்றிடம். பத்தி ஸ்டாண்டைக் காணோம்.

"சாமி ஸ்டாண்டையும் எவனோ சுட்டுட்டான் அண்ணே," என்றான் மீரான்.

வீரமலை அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "காஸ் எங்கே இருக்கு?" என்றார்.

வாயு சிலிண்டர்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கம்பிக் கூண்டில் இருந்தன. அங்கிருந்து கனத்த பழைய இரும்புக் குழாய் ஒன்று ஷெட்டின் முழு நீளத்துக்கும் ஓடி மெஷினுக்கு வந்தது. கூண்டுச் சாவி முதலாளியின் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

எல்லா சிலிண்டரும் ஆர்கானுக்கு உரிய நீலம். மாட்டியிருந்த சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தொட்ட மீரான் கையை இழுத்துக்கொண்டான்.

"ஐஸ் அண்ணே! இந்த வெயில்ல இதுக்கு மட்டும் கொடைக்கானல்."

பித்தளை முழுக்க நீர் பூத்திருந்தது. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் தடியாகப் புதுப் பித்தளைக் கப்ளிங் ஒன்று இருந்தது.

"இது எப்பலேருந்து?"

"பூஜைக்கு அப்புறம் பாத்தேன் சார்," என்றான் தாஜுதீன். "வால்வு மரை தேஞ்சிருக்கும், அதுக்கு மாட்டியிருக்காங்கன்னு நினைச்சேன். இந்த சிலிண்டர்ல முள்ளும் இறங்க மாட்டேங்குது. மீட்டர் ரிப்பேர் போல."

"சிலிண்டரை யாரு மாத்துறது?"

"செல்லக்கண்ணு அண்ணன். ராத்திரி போறப்ப மாட்டிட்டுப் போவாரு." கொஞ்சம் நிறுத்தினான். "நானும் மாத்தலாம் சார். சாவி ஆணியிலதானே தொங்குது."

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிற ஆள். ஒன்று யோக்கியன், இல்லாவிட்டால் மகா எத்தன். வீரமலைக்கு இரண்டாவது வகையைத்தான் அதிகம் பழக்கம்.

"வேலை முடிஞ்சு எங்க போவ?"

"வீட்டுக்கு." பதில் ரொம்ப வேகமாக வந்தது.

வெளியே வந்ததும் செல்லக்கண்ணு பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார். தாஜுதீன் வீட்டுக்குப் போறதில்ல. தினமும் ஸ்ரீரங்கம் போறான். அங்க அவன் மச்சான் ஹனீஃபா சோடா கம்பெனி வச்சிருக்கான். எதுக்குப் போறான்னு எனக்கு எப்படித் தெரியும்? பாவம், புள்ளகுட்டிக்காரன்."

"பாவம்," என்றார் வீரமலை.

*

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை மீரான் பேசவில்லை. அதுவே அவன் வயிற்றின் நிலைமையைச் சொன்னது. மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஹனீஃபாவின் சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, பாட்டிலைச் சுற்றுகிற ஒரு மெஷின், ஈரத் தரை.

"பாய், முதல்ல ஒரு சோடா. விசாரணை அப்புறம்," என்றான் மீரான்.

ஹனீஃபா கட்டையால் கோலியை அழுத்தினார். 'டப்' என்றது. மீரான் ஒரே மூச்சில் குடித்தான். கண்ணை மூடிக் காத்திருந்தான். நெஞ்சில் குத்திப் பார்த்தான்.

"ஒண்ணும் வரல. இன்னொண்ணு குடுங்க."

இரண்டாவதையும் குடித்தான். குனிந்தான், நிமிர்ந்தான், ஒரு காலில் நின்றான்.

"பாய், சோடா குடிச்சா ஏப்பம் வரணும். அதுக்குத்தான் மனுஷன் சோடாவே குடிக்கிறான். எனக்கு இப்ப வயிறு நிறைஞ்சு போச்சு, பாரம் ரெண்டு மடங்காயிடுச்சு."

கடைக்கு வெளியே நின்றிருந்த திருமண் இட்ட ஒருவர் சேர்ந்துகொண்டார். "நன்னா கேளுங்கோ! இது சோடாவா, காவேரி தீர்த்தமா? மூக்குல ஏறவே மாட்டேங்கறது. நேத்து எங்காத்துல எல்லாரும் பானகம் மாதிரி குடிச்சா."

ஹனீஃபா தலையில் கை வைத்தார். "நானும் என்னதான் பண்றது? ரப்பர் மாத்திட்டேன், பாட்டிலை மாத்திட்டேன். கோலி நிக்குது, சத்தம் வருது, காரம் மட்டும் இல்ல. அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

"எப்பலேருந்து?" என்றார் வீரமலை.

"இந்த சிலிண்டர் வந்ததுலேருந்து. பூஜைக்கு மறுநாள் வந்துச்சு."

மூலையில் சோடா காஸுக்கு உரிய கறுப்பு நிறத்தில் சிலிண்டர் நின்றது. அதன் வாயில் தடியாகப் புதுப் பித்தளைக் கப்ளிங். ஆறு பட்டை. ஒரு பட்டையில் மட்டும் கடைசல் உளி துள்ளிய தழும்பு.

வீரமலை சாவியை எடுத்து சிலிண்டரின் இடுப்பில் கீறினார். கறுப்பு உரிந்தது. அடியில் நீலம்.

"யாரு கொண்டுவந்தது?"

"கூட்ஸ் ஷெட் வண்டிக்காரன். அரியமங்கலத்துக்குப் போறதும் இங்க வர்றதும் ஒரே வண்டிதான். 'வால்வு மாறியிருக்கு, இதைப் போட்டு மாட்டிக்கங்க'ன்னு கப்ளிங்கையும் குடுத்துட்டுப் போனான். அரியமங்கலம் ஷெட்டு ஆளு ஒருத்தர் குடுத்தனுப்பினதாச் சொன்னான். நம்ம தாஜுதீன்தான்னு நான் நினைச்சேன்."

"தாஜுதீன் இங்க வருவாரா?"

ஹனீஃபா தயங்கினார். "தினமும் வருவான். பாட்டில் கழுவிக் குடுப்பான். அவன் முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. வெளிவேலை பாத்தா சீட்டைக் கிழிச்சிடுவாராம்."

வீரமலை வால்வை மூடினார். கப்ளிங்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே," என்றான் மீரான் பஸ் ஸ்டாண்டில். "எனக்குப் புரியறது சரியா? சோடாவுக்கு வர வேண்டிய காஸ் ஷெட்டுக்குப் போயிடுச்சு. ஷெட்டு ஆர்கான் என் வயித்துக்குள்ள இருக்கு."

"ஆமா."

"வெடிக்குமா?"

"வெடிக்காது. ஆர்கான் எதோடயும் சேராது. தண்ணியோடயும் அவ்வளவாச் சேராது. அதான் காரம் இல்ல. சோடா காஸ் சிலிண்டருக்குள்ள திரவமா இருக்கும். அது கொதிச்சுக் கொதிச்சு வெளிய வரும். அதான் ரெகுலேட்டர் ஜில்லுன்னு இருந்துச்சு. தீர்ற வரைக்கும் முள்ளும் இறங்காது."

"அப்ப பூஜைக்கு பெயின்ட் அடிக்கிறப்ப கலர் மாறி, வண்டியில மாறிப்போச்சு. கைத்தப்பு. கேஸ் முடிஞ்சுது."

வீரமலை பையிலிருந்து கப்ளிங்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரு காஸ் சிலிண்டர்ல இன்னொரு காஸ் ரெகுலேட்டர் ஏறக்கூடாதுன்னே மரையை வேற வேறயா வெட்டுறான். ரயில்வேல இதுக்காக எத்தனை தகராறு பாத்திருக்கேன் தெரியுமா? பெயின்ட் தப்பா அடிக்கலாம். வண்டி தப்பா இறக்கலாம். ஆனா தப்புக்குக் கடைசல் மெஷின்ல உக்காந்து மரை வெட்டத் தெரியாது."

மீரான் கப்ளிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப தாஜுதீன் அவ்வளவுதான் அண்ணே. வீட்டுக்குப் போறேன்னு பொய் சொன்னான். மச்சான் கடையில ஆர்கான் நிக்குது."

"அதான் எனக்கும் பிடிக்கல," என்றார் வீரமலை.

*

ஷெட்டுக்குத் திரும்பிய வீரமலை சொன்னதை முதலாளி கேட்டு முடிப்பதற்குள் டெலிபோனை எடுத்துவிட்டார்.

"மச்சான் கடையிலயா? என் ஆர்கானை மச்சானுக்குக் குடுத்துட்டு சோடா காஸை இங்க தள்ளியிருக்கான்! இன்ஸ்பெக்டரை இப்பவே வரச் சொல்றேன்."

அப்படியே சொன்னார். தாஜுதீன் சுவரோரம் நின்றான். "மச்சான் கடைக்குப் போறது நிஜம். பாட்டில் கழுவுறேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது," என்றான். அதை இரண்டு தடவை சொன்னான். யாரும் கேட்கவில்லை.

"நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் முதலாளி மீரானிடம். "பாய்க்குப் பாய் சப்போர்ட் பண்ணுவீங்க."

"பண்ணலாம்தான் முதலாளி. ஆனா அவங்க மச்சான் சோடாவைக் குடிச்சதுலேருந்து எனக்கு அந்தக் குடும்பத்தையே பிடிக்கல."

வீரமலை கூண்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியிருந்தார். ஷிப்ட் மாறிவிட்டது. செல்லக்கண்ணு சிலிண்டரை மாற்றிவிட்டு மெஷின் முன்னால் நின்றான். முருகன் படத்தடியில் பத்தி புகைந்தது. கண்ணாடிக் குழாயில் குண்டு பதினைந்தில் மிதந்தது. டார்ச் வாயிலிருந்து வாயு 'உஸ்' என்று போய்க்கொண்டிருந்தது. செல்லக்கண்ணு கண்ணை மூடியிருந்தான்.

"செல்லக்கண்ணு, ஒரு துண்டுத் தகட்டுல வெல்டு பண்ணிக் காட்டுங்க. எப்படி வெள்ளியா வருதுன்னு பாக்கணும்."

"பண்றேன் சார். பத்தி எரியட்டும்."

"இப்பவே."

"சாமி விஷயம் சார் அது," என்றார் முதலாளி.

"சாமிக்குப் பத்தி போதுமே. காஸ் எதுக்குத் திறந்திருக்கு?"

முதலாளி கண்ணாடிக் குழாயைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு சாண் கம்பி கீழ கிடந்தா சத்தம் போடுற ஆளு நீங்க. தினமும் ஒரு பத்தி எரியிற நேரம் ஆர்கான் சும்மா போகுது. பக்தின்னு பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. வெல்டு வைக்கச் சொல்லுங்க."

முதலாளி மெதுவாகச் சொன்னார். "வைடா."

செல்லக்கண்ணுவின் கை டார்ச்சுக்குப் போகவில்லை. முதலாளி இன்னொரு தடவை சொன்ன பிறகு போனது. முகமூடி இறங்கியது. நீல வெளிச்சம் கூரையில் ஏறியது. கம்பி ஓடும் சத்தம் வறுகடலை வெடிப்பதுபோல் கேட்டு நின்றது.

தகட்டைச் சுற்றி எல்லோரும் குனிந்தார்கள்.

வெல்டு கறுப்பாகத் தொடங்கியிருந்தது. கரி, ஓட்டை, தெறிப்பு. தாஜுதீனுடைய டாங்கில் இருந்த அதே கரி. ஒரு சாண் தாண்டியதும் சாம்பல் நிறம். கடைசியில் கொஞ்ச தூரம் பளீரென்று வெள்ளி. ஒரே கை, ஒரே கம்பி, குண்டு அதே பதினைந்தில்.

"குழாய் நீளம்," என்றான் தாஜுதீன். மெஷினைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் குரலில் பயம் இல்லை. "கூண்டுல ஆர்கானை மாட்டினாலும் குழாய்க்குள்ள பழைய காஸ் நிக்கும். அது வெளிய போற வரைக்கும் கரிதான் வரும்."

"குழாய்க்குள்ள வேற காஸ் நிக்குதுன்னு தெரிஞ்சவன்தான் அது போகட்டும்னு காத்து நிப்பான்," என்றார் வீரமலை. "தெரியாதவன் குண்டு நின்ன உடனே பத்த வைப்பான். நீ அப்படித்தான் வச்ச. சிலிண்டர்லயே சோடா காஸ் இருந்ததால டாங்க் ஒழுகுச்சு."

செல்லக்கண்ணு முகமூடியைத் தூக்கினான். விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. "காலையில இவன் சோடா காஸை மாட்டியிருப்பான் சார். நான் எதைக் கண்டேன்? நான் சாமி கும்பிட்டேன்."

"கும்பிட்டீங்க. காலையில உங்க சாமிக்கு ஸ்டாண்டு இல்ல. இப்ப இருக்கு."

வீரமலை முருகன் படத்தடியிலிருந்து ஸ்டாண்டை எடுத்தார். பத்தி அதில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பையிலிருந்து ஹனீஃபா கடைக் கப்ளிங்கை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் தடிப் பித்தளை. இரண்டும் ஆறு பட்டை. ஒரே பட்டையில் அதே உளித் தழும்பு.

"காலையில இது கூண்டுல சோடா காஸ் சிலிண்டர் வாயில இருந்துச்சு. நான் பாத்தேன். இப்ப கூண்டுல கப்ளிங் இல்ல, ரெகுலேட்டர் நேரா உக்காந்திருக்கு. நீங்க சிலிண்டரை மாத்தினீங்க, கழட்டின கப்ளிங்கை ஒளிக்க இடம் தேடல. பத்தியைக் குத்தி சாமி முன்னாடி வச்சீங்க. அதை யாரு தொடுவா?"

"எங்க அண்ணன் தொடுவாரு," என்றான் மீரான். "அவருக்கு எந்த சாமியும் பழக்கம் இல்ல."

"இன்னொண்ணு முதலாளி. தாஜுதீன் திருடியிருந்தா ஆர்கானை எவனாவது வெல்டிங் பட்டறைக்காரன்கிட்ட தள்ளியிருப்பான். சோடாவுல ஊத்த எந்த வெல்டராவது ஆர்கானைத் திருடுவானா? அது பிரயோஜனத்துக்காக அங்க போகல. நான் போய்ப் பாக்கணும்னு போயிருக்கு. அந்தக் கடைக்கு எனக்கு வழி சொன்னதும் இவர்தான்."

பத்திப் புகை நேராக ஏறியது.

"இந்த ஷெட்டுக்குக் கூரை போடுறப்பவே நான் இருந்தேன்," என்றான் செல்லக்கண்ணு. யாரையும் பார்க்கவில்லை. "ஜெர்மனிக்கு யாருன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா முதலாளி?"

முதலாளி கேட்டிருக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் செல்லக்கண்ணு செய்தது எதுவும் குறைந்துவிடவில்லை. இரண்டு டாங்க்குகள் மூலையில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

தாஜுதீன் சுவரை விட்டு நகர்ந்தான். செல்லக்கண்ணு கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டான். செல்லக்கண்ணு தடுக்கவில்லை. மூன்றாவது டாங்க்கின் தகடுகள் சேர்ந்து நின்றன. தாஜுதீன் வாயுவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தான். குண்டைப் பார்த்தான், திருகைச் சற்று இறக்கினான், பிறகும் காத்திருந்தான். குழாயில் மிச்சம் இருந்தால் அதுவும் போகட்டும் என்று முதலாளியும் நின்றார். அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களுடன் உள்ளே வந்தார். லத்தியால் வாசல் தூணைத் தட்டினார்.

"யாருய்யா இங்க தாஜுதீன்?"

முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஹனீஃபா பாய் சோடா குடிச்சிட்டாரு போல," என்று மீரான் முணுமுணுத்தான்.

வீரமலை பத்தியோடு அந்தப் பித்தளையை இன்ஸ்பெக்டர் பக்கம் நீட்டினார். ஆனால் தாஜுதீன் அதற்குள் திரும்பியிருந்தான்.

"நான்தான் சார்," என்றான். "கண்ணை மூடிக்கங்க. வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கும்."

முகமூடியை இறக்கினான்.